ஓட்டு வீட்டை நாட்டுடைமை ஆக்குங்கள்

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. தாலி கட்டியது ஊரில். வரவேற்பு நடந்தது மெய்நிகர் உலகில். உறவும் நட்பும் அவரவர் இடத்திலிருந்தே போனிலும் கணினியிலும் உள்ளே நுழைந்து, பொம்மை உருவெடுத்து, மணமக்களை வாழ்த்தினார்கள். பெண்ணின் அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டவர். அவரையும் உருவாக்கி அந்த மண்டபத்தில் நிறுத்தி, மகளை வாழ்த்தச் செய்திருந்தார்கள். நாடெங்கும் பத்திரிகைகளில் பேசப்பட்ட வரவேற்பு அது. மண்டபம் மட்டும் ஹாரி பாட்டர் கதையில் வருகிற ஹாக்வார்ட்ஸ் கோட்டையின் சாயலில் இருந்தது.

அந்தக் கதை பிடித்தவர்கள் அப்படிக் கேட்டது அவர்கள் விருப்பம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு வந்த யோசனை வேறு. எங்கள் பாட்டி வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு வரவேற்பு நடத்த வேண்டும், திண்ணையில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோட்டைச் சுவர், கோட்டைத் தூண், கூர்வளைவு சன்னல் எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. விலைக்கும் கிடைக்கும், சும்மாவும் கிடைக்கும். திண்ணைக்கு ஒரு மரத்தூண் தேடினால் நாள் போகுமே தவிர, உருப்படியாக ஒன்று அகப்படாது. தினமும் இதையே தேடுகிறவள் என்பதால் சொல்கிறேன்.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் என் வீட்டில் உட்கார்ந்து, வெளிநாட்டு வீடியோ கேம் நிறுவனங்களுக்குக் கட்டடங்கள் செய்து தருகிறேன். சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் தொழில் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பி வந்தவள். அப்பா கொத்தனார். நான் செய்வதும் கட்டட வேலைதான் என்று அவரை நம்பவைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

இந்தத் தொழிலில் யாரும் முழு வீட்டைச் செய்வதில்லை. உறுப்புகளைத்தான் செய்கிறோம். வெறும் சுவர் ஒன்று, கதவு வைத்த சுவர் ஒன்று, சன்னல் வைத்த சுவர் ஒன்று, வெளிமூலை, உள்மூலை, படி, தூண், கூரைத் துண்டு, கூரையின் ஓரம். இந்தத் தொகுப்புக்குக் கிட் என்று பெயர். எல்லா உறுப்பும் ஒரே அளவுக் கட்டத்தில், ஒரே மடங்கில் இருக்க வேண்டும். ஒன்றின் விளிம்பு அடுத்ததன் விளிம்போடு மயிரிழை இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். அரை சென்டிமீட்டர் தவறினாலும் அந்தச் சந்து வழியாக வெளிச்சம் ஒழுகும். அப்படிச் செய்து கொடுத்துவிட்டால், அதை வைத்து இன்னொருவர் ஒரு தெருவையே ஒரு மத்தியான நேரத்தில் எழுப்பிவிடலாம். கணினிக்கும் இது லாபம். ஒரு தூணின் வடிவத்தை ஒருமுறை நினைவில் ஏற்றினால் போதும், அதையே ஆயிரம் இடத்தில் காட்டும். எளிய போனிலும் பெரிய ஊர் ஓடுவது இதனால்தான்.

2011இல் வெளிவந்த ஸ்கைரிம் என்ற விளையாட்டு ஒரு நாடு அளவுக்கு விரியும். அதன் நிலவறைகளையும் பாழடைந்த கோட்டைகளையும் எப்படிக் கட்டினார்கள் என்று ஜோயல் பர்ஜஸ், நேதன் பர்க்கிபைல் என்ற இருவர் 2013இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் விளக்கினார்கள். அந்தக் கிட்டுகளைச் செய்ய முழுநேரமாக இருந்தவர்கள் இரண்டே கலைஞர்கள். தமிழ் வீட்டுக்குக் கிட் செய்ய வேண்டும் என்று நான் பேசும்போதெல்லாம், கோடிக்கணக்கில் செலவாகாதா என்று கேட்கிறார்கள். ஆகாது. நன்றாக அளந்து, நன்றாக யோசித்துச் செய்கிற ஒரு சிறு குழுவும் ஓரிரு ஆண்டுகளும் போதும்.

உறுப்புகளை அடுக்கிக் கட்டுவது நமக்குப் புதிதும் இல்லை. ஜெயங்கொண்டம் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தை ஒருமுறை என் தொழில்காரர்களின் கண்ணோடு பாருங்கள். மூலையில் கர்ணகூடு, நடுவில் சாலை, இடையிடையே பஞ்சரம். இந்த மூன்று சிறு உருவங்களே தளத்துக்குத் தளம் திரும்பத் திரும்ப வருகின்றன. மேலே போகப்போக அளவு குறைகிறது. அடித்தளத்திலும் அப்படியே: உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று வரிசை உண்டு. தஞ்சாவூரில் நேர்கோடாக ஏறுகிற விமானத்தை ராஜேந்திரன் காலத்து ஸ்தபதி இங்கே உள்வாங்கிய வளைவாக மாற்றினார். அதே உறுப்புகள், வேறு கணக்கு. அந்தக் கணக்கும் நம்மிடம் இருக்கிறது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பியேர் பிஷார் இந்தக் கோயிலை அளந்து, வரைபடங்களோடு 1994இல் ஒரு நூலே வெளியிட்டார்.

ஆகவே கோயிலைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அதை அளக்கவும் படமெடுக்கவும் லேசர் கருவியோடு வரவும் உலகத்தில் ஆள் உண்டு. கலிபோர்னியாவில் இருக்கிற ஒரு நிறுவனம் 2017இல் அன்சார்டட் வரிசையின் 'த லாஸ்ட் லெகஸி' விளையாட்டுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹொய்சளர் நகரம் ஒன்றையே கற்பனையாகக் கட்டியது. கோபுரமும் விமானமும் யாராவது ஒருவர் கையால் மெய்நிகர் உலகத்துக்குப் போய்விடும். போகாதது வீடு. கல்லங்குறிச்சியிலும் ஓட்டக்கோவிலிலும் திருமானூரிலும் ஓடு வேய்ந்து நிற்கிற வீட்டை அளக்க எவரும் வரவில்லை.

வெளிநாட்டுக் கிட்டில் வண்ணத்தை மட்டும் மாற்றி நம் வீட்டைக் கட்டிவிட முடியாதா என்று கேட்பவர்களுக்கு, ஏன் முடியாது என்று விளக்கியாக வேண்டும்.

முதல் தடை அளவுக் கட்டம். வழக்கமான கிட்டுகளில் ஒரு சுவர்த்துண்டு நான்கு மீட்டர் அகலம், மூன்று அல்லது நான்கு மீட்டர் உயரம். நம்மூர் ஓட்டு வீட்டில் தெருவைப் பார்த்த கூரை தாழ்ந்து, தாழ்ந்து, இறவாணம் நெஞ்சு உயரத்துக்கு வந்து நிற்கும். குனிந்துதான் திண்ணைக்கு ஏற வேண்டும். வெயிலும் சாரலும் உள்ளே வராமல் தடுப்பது அந்தத் தாழ்வுதான். விளையாட்டில் நடமாடுகிற மனித உருவத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத உருளை ஒன்று இருக்கும். உயரம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். அந்த உருளை நெஞ்சளவு இறவாணத்துக்குக் கீழே நுழையாது, இடித்துக்கொண்டு நிற்கும். என்ன செய்வார்கள்? கூரையைத் தூக்கிவிடுவார்கள். தூக்கிய கணமே திண்ணையின் நிழல் போகும், தெருவின் தாழ்ந்த வரிசை போகும். ஏதோ ஒரு நாட்டு ஓய்வு விடுதி போல ஆகிவிடும் அது. நம் வீட்டுக்கு ஆரம்பத்திலிருந்தே வேறு கணக்கு போட வேண்டும். ஸ்தபதிகள் 33 அங்குலத்தைத் தச்சு முழம் என்று கொள்வார்கள். அதையே கட்டமாக வைத்தால் நிலை, திண்ணை அகலம், தூண் இடைவெளி எல்லாம் இயல்பாக அமைவதை நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். குனிகிற அசைவையும் அந்த வாசலோடு சேர்த்தே செய்து கொடுத்தால் உருளைச் சிக்கலும் தீரும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. தெரிந்தவர் ஆரம்பத்திலேயே உட்கார்ந்து யோசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது தடை முற்றம். மேலைநாட்டுக் கிட்டில் கூரை வெளிப்பக்கம் சரிகிறது. நம் முற்றம் வைத்த வீட்டில் நாலு பக்கத்துக் கூரையும் உள்பக்கமும் சரிகிறது. இரண்டு சரிவு உள்மூலையில் சந்திக்கிற இடத்தை எங்கள் பக்கம் கூடல்வாய் என்பார்கள். பெய்கிற மழையில் பெரும்பங்கு அந்த நாலு மூலை வழியாகத்தான் முற்றத்தில் கொட்டும். அந்த இடத்தில் நாட்டு ஓட்டை எப்படி வெட்டி அணைக்க வேண்டும், அடியில் எந்தக் கட்டை வாங்கும், ஓடு எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும் என்பதெல்லாம் ஓடு மாற்றுகிறவரின் கைப்பழக்கம். நான் செய்த மாதிரியை அப்பாவிடம் திரையில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏம் பாப்பா, மழத் தண்ணி எங்க போவும்?" அதற்கப்புறம் அவரையும் அழைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் ஓடு மாற்றுகிற ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய், ஏணி வைத்து ஏறி அளந்தோம். மெய்நிகர் உலகத்தில் மழை யாரையும் நனைக்காது, அங்கே எதற்கு இந்தக் கணக்கு என்று ஒரு நண்பர் கேட்டார். தண்ணீர் போகிற வழி தெரியாமல் செய்த கூரை பார்க்கும்போதே பொய்யாக இருக்கும். அந்த வீட்டில் வளர்ந்த எவருக்கும் அது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, மேற்பரப்பு. கல்லும் சுவரும் எப்படி மங்கியிருக்கின்றன, எங்கே பாசி பிடித்திருக்கிறது என்பதைப் படமெடுத்து விற்கிற நூலகங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி குளிர்நாட்டு ஈரம். எங்கள் ஊரின் மேற்பரப்பு வெள்ளைத் தூசி. கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல் அடுக்குக்கு நிலவியலாளர்கள் எங்கள் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே இருந்த கடலின் சிப்பிகள் அதில் நிறைந்து கிடக்கின்றன. அந்தக் கல்லை வெட்டிச் சிமெண்ட் ஆலைகளுக்குக் கொண்டுபோகிற லாரிகளின் தூசி, சாலையோரத்து வேப்பிலை மேலும் ஓட்டு மேலும் படிந்து, முதல் மழையில் கோடு கோடாக வழிந்து, மறுபடியும் படியும். ஓட்டின் சிவப்பு எங்கள் பக்கம் அப்படித்தான் தெரியும். அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்தான் அதைத் தீட்ட முடியும்.

இந்தச் சிமெண்டுதான் ஓட்டு வீடுகளின் இடத்தில் இன்று நிற்கிறது. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஒழுகுகிற கூரைக்கு அடியில் பாத்திரம் வைத்துத் தூங்கியவர்களுக்குக் கான்கிரீட் தளம் விடுதலை. அப்பாவின் வாழ்க்கையும் அந்த வேலையில்தான் நிமிர்ந்தது. தமிழ்நாடு அரசு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் 8 லட்சம் குடிசைகளுக்கு மாற்றாக 360 சதுர அடி வீடுகளைக் கட்டுவதை இலக்காக வைத்திருக்கிறது. கட்டட்டும், சீக்கிரமே கட்டட்டும். பழைய வீட்டில் மக்கள் தொடர்ந்து கஷ்டப்பட வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. நான் கேட்பது, பிரிப்பதற்கு முன்பு அளந்து வைக்க வேண்டும் என்பது மட்டுமே. அரசு வீட்டுத் திட்டங்களில் அலுவலர் வந்து கட்டம் கட்டமாகப் படம் எடுக்கிறார். அவர் கையில் ஒரு நாடாவும் ஒரு படிவமும் கொடுத்து, கூரையின் உயரம், சரிவு, தூண் இடைவெளி, வாசல் அகலம் குறித்து, நாலு பக்கமும் கூடுதலாகப் படம் எடுக்கச் சொன்னால் போதும். கால் மணி நேர வேலை. ஒன்றியத்துக்குப் பத்து வீடு தேர்ந்தெடுத்துச் செய்தாலே மாநிலம் முழுவதற்குமான கருவூலம் சேர்ந்துவிடும்.

அளக்காமல் பிரித்ததன் நஷ்டம் எங்கள் மாவட்டத்துக்குத் தெரியும். 1836இல் கொள்ளிடத்தில் அணைக்கரை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். எந்தக் கல் எங்கே இருந்தது என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. அங்கேயே மாளிகைமேட்டில் தோண்டிய தொல்லியல் துறைக்குச் செங்கல் சுவரும் கூரை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. ஆனால், அந்த ஓடுகள் எந்தச் சரிவில் ஏறியிருந்தன என்பது ஊகம்தான். இதற்கு நேர்மாறாக, முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், இடிபட இருந்த வீடுகளைக் கவனமாகப் பிரித்து, தூண் தூணாக, கதவு கதவாகக் கொண்டுவந்து திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் உள்ளே இன்று நடக்க முடிகிறது என்றால் அதனால்தான். ஆனால், நிலமும் பணமும் வேண்டிய வேலை அது, ஒரு மாநிலத்தின் எல்லா வகை வீட்டுக்கும் செய்ய முடியாது. கணினியில் செய்யலாம்.

எந்த வீடு என்ற கேள்வியை இங்கே தள்ளிப்போட முடியாது. தமிழ் வீடு என்றதும் நாலு கட்டு, பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிப் பூக்கல் என்றுதான் படம் ஓடுகிறது. அது சிலருடைய வீடு. கிட்டில் பண்ணை வீடு மட்டும் இருந்தால், அதைக் கொண்டு நாளை கட்டப்படுகிற மெய்நிகர் கிராமங்களில் பண்ணையார்கள் மட்டுமே வாழ்ந்ததாக ஆகிவிடும். காலனித் தெருவின் தொகுப்பு வீடு, பனையோலைக் குடிசை, கீற்றுச் சார்ப்பு, மண்சுவர்மேல் சீமை ஓடு போட்ட ஒற்றை அறை, மாட்டுக் கொட்டகை, டீக்கடையின் பெஞ்சு போட்ட முன்பக்கம், ரேஷன் கடை, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி: இவையும் சம மரியாதையோடு அளக்கப்பட வேண்டும். முதல் தொகுதியிலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப்படுகிறவை எப்போதும் சேர்வதில்லை.

பொதுவில் விட்ட உறுப்பை யார் எதற்கு எடுப்பார்கள் என்ற பயமும் நியாயமானதுதான். எங்கள் ஊர்க் கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவர் சிலை கிடையாது. கருவறையில் நிற்கிற கல் கம்பம்தான் பெருமாள். விளைந்ததில் ஒரு பங்கையும் ஈன்ற கன்றையும் குடியானவர்கள் அவருக்குக் கொண்டுவந்து செலுத்துகிறார்கள். அந்தக் கம்பத்தை நான் செய்ய மாட்டேன். யாரோ ஒருவர் சுட்டுக்கொண்டு ஓடுகிற விளையாட்டில் அது ஒளிந்துகொள்கிற தூணாக நிற்பதை என்னால் தாங்க முடியாது. மண்டபத் தூணைத் தரலாம், மதிலைத் தரலாம், ராமநவமித் திருவிழாக் கடைகளின் பந்தலைத் தரலாம். கருவறையை விட்டுவிட வேண்டும். எதைத் தருவது, எதை விடுவது என்று அந்தந்த ஊர்க்காரர்களைக் கேட்டு முடிவெடுக்கிற ஒழுங்கு இந்த வேலைக்கு ஆரம்பத்திலேயே வேண்டும். வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்து செய்யும்போது அந்தக் கேள்வியே எழாது.

உரிமை யாரிடம் இருக்க வேண்டும்? 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துக்கான உரிமையை விலை கொடுத்து வாங்கியது. பிறகு அது மக்கள் எல்லோருக்கும் பொதுவானது. அதற்குப் பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆகியிருக்கின்றன. இந்தப் பழக்கம் நம் மாநிலத்தின் பெருமை. அதே வழியில் தமிழ் வீட்டுக் கிட்டையும் நாட்டுடைமை ஆக்க வேண்டும். ஜெயங்கொண்டத்தில் போனை வைத்துக்கொண்டு விளையாட்டுச் செய்யப் பழகுகிற பையனும், டொரண்டோவில் இருக்கிற தமிழ்ப் பெண்ணும், ஜப்பான் நிறுவனமும் காசு கொடுக்காமல் எடுத்துக் கட்ட வேண்டும். நான் வேலை செய்கிற பிளெண்டர் மென்பொருளே அப்படி வந்ததுதான். அதை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபோது, 2002இல் உலகெங்கும் இருந்த பயனர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை விலைக்கு வாங்கிப் பொதுவாக்கினார்கள். இன்று எங்கள் ஊரில் நான் சம்பாதிப்பது அந்த மனிதர்களின் தயவால்.

இப்படிக் கட்டியதைப் பார்க்க ஆள் இருக்கிறதா என்றால், இருக்கிறது. டொரண்டோவிலிருந்து 2023இல் வந்த வெண்பா என்ற விளையாட்டு, கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையிலேயே நடக்கிறது. இட்லித் தட்டும் குக்கரும்தான் அதில் ஆயுதங்கள். அதற்கு அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. நம் வீட்டு நுணுக்கத்தை உண்மையாகக் காட்டினால் உலகம் உட்கார்ந்து பார்க்கிறது.

மத்திய அரசு 2022-23 நிதிநிலை அறிக்கையில் அனிமேஷன், கேமிங் துறைக்கென்று பணிக்குழு அறிவித்ததிலிருந்து, ஸ்டூடியோக்களுக்கு இடம், வரிச்சலுகை, வேலைவாய்ப்பு என்ற பேச்சு நிறைய நடக்கிறது. நல்லதுதான். அந்த ஸ்டூடியோக்களில் உட்காரப்போகிற பிள்ளைகள் எந்தச் சுவரை, எந்தக் கூரையை எடுத்து வைத்துக் கட்டுவார்கள் என்ற பேச்சையும் இத்துடன் தொடங்க வேண்டும். மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்குகிற அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் அளவு தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தொல்லியல் துறையில் பதிவு செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். என்னைப் போல ஊரிலிருந்தே கிட் செய்கிற இளைஞர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார்கள். இந்த மூன்று தரப்பையும் ஓடு மாற்றுகிறவர், ஆசாரி, கொத்தனார் ஆகியோரோடு ஒரே கூடத்தில் உட்காரவைக்க ஒரு அரசாணை போதும். கைவேலைக்காரர்களுக்கு ஆலோசகர் என்ற பெயரும் அதற்குரிய சம்பளமும் தர வேண்டும். டீ வாங்கிக் கொடுத்து விவரம் கேட்டுப் போகிற பழக்கம் இதில் வேண்டாம்.

சோதனைக்கு அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலேயே தொடங்கலாம். முதலில் கூடல்வாயைச் செய்யச் சொல்வேன். சுவரும் தூணும் காத்திருக்கும். கூடல்வாய் ஓட்டை அணைக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள், அவர்களில் பலர் இப்போது ஏணி ஏறுவதில்லை.